நாளுக்கு ஒரு நாழிகை: புதிதாக எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கதையோ கவிதையோ எழுத வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறார்கள். எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் தொடங்காமலே இருப்பவர்கள் ஒரு வகை. ஒரு வாரம் மளமளவென்று எழுதிவிட்டு, பிறகு நோட்டைத் திறக்காமலே மாதங்களைக் கழிப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு வகையினருக்கும் மருந்து ஒன்றே என்று உறுதியாக நம்புகிறேன். எழுதத் தூண்டும் மனநிலைக்காகக் காத்திராமல், நாள்தோறும் ஒரு சிறு நேரம் ஒதுக்கி, கண்ணால் கண்ட ஏதேனும் ஒன்றைத் துல்லியமாக எழுதப் பழகினால், அந்தத் தூண்டுதல் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிறந்துவிடும். இதற்கான பயிற்சி முறைகளைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் அகப்பாடல்கள் கட்டப்பட்டிருக்கும் விதத்திலேயே அவை இருக்கின்றன. அவற்றை இன்று தொடங்கும் ஒருவர் எப்படிக் கைக்கொள்ளலாம் என்பதைப் படிப்படியாக விளக்குகிறேன்.

நேரமும் இடமும்

பழைய காலக் கணக்கில் ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். தொடக்க நிலையில் நாளுக்கு ஒரு நாழிகை போதும். ஒரு மணி நேரம், ஆயிரம் சொல் என்று பெரிய இலக்கை வைத்துக்கொள்பவர்கள் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ அலுவலகத்தில் மாதக் கடைசி வேலை சேர்ந்துகொண்டாலோ அந்த இலக்கை விட்டுவிடுகிறார்கள்; விட்ட பிறகு, திரும்பத் தொடங்குவது முதல் தொடக்கத்தைவிடக் கடினமாகிறது. 24 நிமிடத்தை எவ்வளவு நெருக்கடியான நாளிலும் கண்டெடுத்துவிடலாம்.

அந்த நேரத்தை, ஏற்கெனவே நாள் தவறாமல் செய்கிற ஒரு செயலோடு இணைத்துவிடுங்கள். "காலையில் எழுதுவேன்" என்ற முடிவு போதாது. "காப்பி குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவேன்" என்பது நிறைவேறக்கூடிய முடிவு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தும் கணம், மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் கணம், கடையைத் திறந்து முதல் வாடிக்கையாளர் வரும் வரையிலான இடைவெளி என ஒவ்வொருவர் வாழ்விலும் இப்படி ஒரு கொக்கி இருக்கும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாறுவதற்கு நடுமதிப்பாக 66 நாட்கள் ஆனதாகவும், ஆளையும் செயலையும் பொறுத்து அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடுவதாகவும் கணக்கிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தவை உணவு, பானம், உடற்பயிற்சி சார்ந்த பழக்கங்கள்தான். என்றாலும், எழுதத் தொடங்கி மூன்று வாரம் ஆகியும் பழக்கம் படியவில்லையே என்று தளர்பவர்கள் இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இடையில் ஒரு நாள் தவறுவது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் கண்ட முடிவு.

எழுதுவதற்குத் தனி அறை வேண்டும் என்பது பெரும்பாலான நம் வீடுகளில் நடக்காத காரியம். மொட்டை மாடி, ஊர் நூலகம், கோயில் பிராகாரம், பூங்காவின் சிமென்ட் பெஞ்சு எல்லாமே நல்ல இடங்கள். ஆனால் முதல் இரண்டு மாதமாவது இடத்தை மாற்றாதீர்கள். கருவியும் அப்படித்தான். நூறு பக்க நோட்டும் பேனாவும் போதும். கைப்பேசியில்தான் எழுத வரும் என்றால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு விசைப்பலகை, குரல்வழித் தட்டச்சு இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். நான் கையெழுத்தையே பரிந்துரைப்பேன், ஏனென்றால் நோட்டில் அறிவிப்பு மணி அடிப்பதில்லை. ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் தேதியும் மணியும் இடத்தின் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, வணிகமும் அரசியலும் நெருக்கிய வாழ்க்கையின் நடுவே, 1736 முதல் 1761 வரை தம் நாட்குறிப்பைத் தமிழில் எழுதினார். கப்பல் வரவும் ஆளுநரோடு நடந்த பேச்சும் ஊர்ச் செய்தியும் நாள் குறித்து எழுதப்பட்டிருப்பதால்தான், ஒரு நகரத்தின் கால் நூற்றாண்டு வாழ்க்கை இன்றும் நம் கண்முன் நிற்கிறது.

அன்றாடக் குறிப்பு: முதல், கரு, உரி

நோட்டைத் திறந்து உட்கார்ந்ததும் என்ன எழுதுவது? தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் இருக்கும் உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவை கருப்பொருள். கூடல், பிரிவு, காத்திருத்தல், இரங்கல், ஊடல் என்னும் மனித ஒழுக்கம் உரிப்பொருள். பள்ளித் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்த இந்தப் பகுப்பு, எழுதுகிறவனுக்கு மிகக் கூர்மையான கருவி என்பதை நம் பாடநூல்கள் சொல்லித் தராதது எனக்குப் பெரிய வருத்தம். அன்று பார்த்த ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, இந்த மூன்றையும் இதே வரிசையில் எழுதுவதுதான் உங்கள் அன்றாடப் பயிற்சி.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முதல்: பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள தையல் கடை, ஐப்பசி மாதம், தீபாவளிக்கு இரண்டு நாள் முன், இரவு பதினொரு மணி. கரு: ரசீதில் பின் அடித்த துணித் துண்டுகள், காலில் சிக்கும் வெட்டுத் துணி, காஜா எடுத்துக்கொண்டிருக்கும் பையன், தையல் இயந்திரத்தின் பலகையில் ஆறிப்போன டீ. உரி: மகனின் சட்டையை வாங்க வந்த பெண், துணி இன்னும் வெட்டப்படாமல் மடித்த மடிப்பிலேயே இருப்பதைப் பார்க்கிறாள், எதுவும் சொல்லாமல் வாசல் பலகையில் உட்கார்ந்துகொள்கிறாள்.

உரிப்பொருளை எழுதும்போது ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடியுங்கள். அவளுக்கு வருத்தம், கோபம், ஏமாற்றம் என்று உணர்ச்சியின் பெயரை எழுதக் கூடாது. அந்த உணர்ச்சியைச் சுமக்கும் செயலையோ பொருளையோ எழுத வேண்டும். குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலர் இதைச் செய்து காட்டுகிறார். தலைவன் தன்னை மணந்துகொண்ட நாளில் சாட்சிக்கு அங்கே வேறு யாரும் இல்லை, அவன் சொன்னதை மறுத்தால் நான் என்ன செய்வேன் என்று கலங்கும் பெண், அப்போது ஒரு குருகும் அங்கே இருந்தது என்கிறாள். தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களை உடைய அந்தக் குருகு, ஓடுகிற நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தே அடிகளுக்குள் அவளுடைய அச்சம் முழுவதும் மீனைப் பார்க்கும் பறவையின் மேல் ஏற்றப்பட்டுவிடுகிறது. அச்சம் என்ற சொல் பாட்டில் எங்கும் இல்லை. உங்கள் குறிப்பிலும் அப்படி ஒரு குருகு கிடைக்கும் வரை கருப்பொருள்களை எழுதிக்கொண்டே போங்கள். தையல் கடையில் அது ஆறிப்போன டீயாக இருக்கலாம், பிரிக்கப்படாத துணியின் மடிப்பாக இருக்கலாம். எது என்பது முன்கூட்டித் தெரியாது. பட்டியலை எழுதும்போது ஏதோ ஒரு பொருளிடம் பேனா சற்றே தயங்கும். அதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் இதைத் தவிர வேறெதுவும் செய்ய வேண்டாம். கதை எழுத வேண்டும் என்ற அவசரத்தையும் தள்ளி வையுங்கள்.

என் வாழ்க்கையில் எழுதும்படி எதுவும் நடக்கவில்லையே என்று இந்த மாதத்தில் தோன்றும். அசோகமித்திரன் இளமையில் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தபோது, செய்தித்தாள்களிலிருந்து தேவையான செய்திகளை வெட்டியெடுத்துக் கோப்புகளில் சேர்ப்பது அவருடைய பணிகளுள் ஒன்று. அவர் வேலை எதுவும் இன்றிச் சும்மா இருப்பதாகப் பிறர் எண்ணினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த மேசையிலிருந்து அவர் கவனித்த மனிதர்கள்தாம் பின்னாளில் திரைத்துறையைப் பற்றிய அவருடைய எழுத்துகளில் நடமாடினார்கள்.

ஒரே பொருளைப் பத்து முறை

இரண்டாம் மாதத்தில் பத்து என்ற முறைக்கு வாருங்கள். சங்க நூலான ஐங்குறுநூற்றில் ஐந்து புலவர்கள் திணைக்கு, அதாவது நில வகைக்கு, நூறாக ஐந்நூறு பாட்டுகளைப் பாடியிருக்கிறார்கள், ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. எருமைப் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து என்று ஒரு பத்து முழுவதும் ஓர் உயிரைச் சுற்றியே அமைந்திருப்பதைப் பார்க்கலாம். நெய்தலைப் பாடிய அம்மூவனாரின் வெள்ளாங்குருகுப் பத்தில், வெள்ளாங்குருகின் பிள்ளையைக் காணச் சென்ற நாரை என்ற தொடக்கமே திரும்பத் திரும்ப வருகிறது. தொடக்கம் மாறுவதில்லை, அதன் பின் நிகழ்வது மாறிக்கொண்டே போகிறது.

எழுதப் பொருள் கிடைக்கவில்லை என்று தவிப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். நாளுக்கொரு புதிய பொருளைத் தேடும் சுமை பத்து நாட்களுக்கு இறங்கிவிடுகிறது. உங்கள் தெருமுனையில் நிற்கும் இஸ்திரி வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள், கரிப் பெட்டியிலிருந்து பறக்கும் சாம்பலை எழுதுவீர்கள். இரண்டாம் நாள், துணிகளின் எண்ணிக்கையை அவர் எதில் குறித்து வைக்கிறார் என்று பார்ப்பீர்கள். மூன்றாம் நாள் மழை; வண்டியின் மேல் தார்ப்பாய் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? நான்காம் ஐந்தாம் நாட்களில் பெரும்பாலோருக்கு எழுத ஒன்றும் இல்லை என்று தோன்றிவிடும். இந்த இடத்தில்தான் பொருளை மாற்றிவிடக் கூடாது. பார்த்தவுடன் யாருக்கும் தோன்றக்கூடிய செய்திகள் முதல் நான்கு நாட்களில் தீர்ந்துபோகின்றன. அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் நீங்கள் மட்டும் பார்த்தது. கரிப் பெட்டி போய் எரிவாயுப் பெட்டி வந்தால் அவருடைய கை எந்த அசைவை மறக்கும், அவர் வராத நாளில் அந்த இடத்தில் யார் வந்து நிற்கிறார்கள், தெருவில் இறந்துபோனவரின் சட்டை இன்னும் அவரிடமே இருக்கிறதா என்ற கேள்விகள் ஆறாம் நாளுக்கு மேல்தான் எழுகின்றன. அந்தக் கேள்விகளில் ஏதோ ஒன்று ஒரு சிறுகதையின் வித்தாக இருக்கும்.

கூற்று மாற்றிப் பார்த்தல்

அகப்பாடல்களின் கீழே தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, கண்டோர் கூற்று என்று குறிப்புகள் இருக்கும். யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்பது தெரிந்தால்தான் பாட்டு முழுமையாகத் திறக்கும். உரைநடை எழுதுகிறவருக்கும் இது பொருந்தும். குறிப்பு நோட்டில் உள்ள ஒரு நிகழ்ச்சியை எடுத்து, அதில் இருக்கும் வெவ்வேறு ஆட்களின் வாயால் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு கூற்றும் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

தையல் கடைக்காரர் அந்தப் பெண்ணிடம், "நாளைக்கு மத்தியானம் வாங்கக்கா, கண்டிப்பா முடிச்சுத் தந்துடறேன்" என்கிறார். காஜா பையன் அவரிடம், "மாஸ்டர், இன்னும் நாலு சட்டை பாக்கி இருக்கு" என்று மட்டும் சொல்கிறான். தனக்குப் புதுச் சட்டை உண்டா என்று அவன் யாரிடம் கேட்பான்? எதிரே டீக்கடை வைத்திருப்பவர் மறுநாள் தம் மனைவியிடம் இதைச் சொன்னால், அந்தப் பெண் பலகையில் உட்கார்ந்ததை ஒரு பொருட்டாகவே சொல்லாமல் விடக்கூடும். கேட்பவர் மாறும்போது தமிழில் விளிச்சொல் மாறுகிறது, வினைமுற்று மாறுகிறது, சொல்லாமல் விடுவதும் மாறுகிறது. புதிதாக எழுதுபவர்களின் கதைகளில் எல்லாப் பாத்திரங்களும் ஒரே குரலில் பேசுவதற்குக் காரணம், அவர்கள் யாரிடம் பேசுகிறார்கள் என்பதை ஆசிரியர் முடிவு செய்யாததுதான். எந்தக் கூற்றை எழுதும்போது நீங்கள் அறியாத செய்தி ஒன்று தானாக வந்து விழுகிறதோ, அதுவே அந்த நிகழ்ச்சியைச் சொல்லத் தக்க குரல்.

சொல் சேர்த்தல்

நோட்டின் கடைசிப் பத்துப் பக்கங்களைச் சொற்களுக்கென்று விட்டு வையுங்கள். அகராதியிலிருந்து எடுக்க வேண்டாம். காதில் விழுந்தவற்றை மட்டும், யார் சொன்னது, எந்த இடத்தில் என்ற குறிப்போடு எழுதுங்கள். கடற்கரை ஊர்க்காரர் மேல்காற்றைக் கச்சான் என்றும் கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும் சொல்வார். நெசவு செய்பவர் வாயில் பாவும் ஊடையும் வரும். உங்கள் பாட்டி சர்க்கரைப் பாகின் பதத்தைச் சொல்ல வைத்திருக்கும் சொற்கள் எந்தச் சமையல் புத்தகத்திலும் இல்லாமல் இருக்கலாம். இடைசெவல் விவசாயியான கி. ராஜநாராயணனின் முதல் சிறுகதை 1958இல், அவர் முப்பதுகளின் நடுவில் இருந்தபோது, சரஸ்வதி இதழில் வந்தது. தம் மண்ணின் சொற்களைப் பல ஆண்டுகள் திரட்டி, 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கென்று ஓர் அகராதியையே அவர் வெளியிட்டார். ஐம்பது சொற்கள் சேர்ந்ததும் அவற்றுள் மூன்றைக் கண்மூடித் தேர்ந்தெடுத்து, மூன்றும் இயல்பாக வரும் ஒரு பத்தியை எழுதிப் பாருங்கள். எழுத எதுவும் தோன்றாத நாளுக்கு இது நல்ல பயிற்சி.

வறண்ட நாட்கள்

மூன்றாம் மாதத்தில் ஒரு சோர்வு வரும். எழுதியதெல்லாம் பயனற்றது என்று தோன்றும். அப்போது புதிதாக எதையும் படைக்க முயல வேண்டாம், ஆனால் நாழிகையை விட்டுவிடவும் வேண்டாம். நீங்கள் மதிக்கும் ஒரு சிறுகதையின் ஒரு பக்கத்தைக் கையால் பார்த்து எழுதுங்கள். கண் தாண்டிப்போகும் வாக்கியத்தைக் கை தாண்டிப்போக முடியாது. எங்கே நிறுத்தினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பது அப்போதுதான் புலப்படும். படியெடுத்த பக்கத்தை நோட்டில் தனியாகக் கட்டம் கட்டிக் குறித்து வைப்பது நல்லது, பின்னாளில் சொந்த வாக்கியம் என்று மயங்காமல் இருக்கும். சில நாட்கள் முற்றிலும் தவறிப்போனால், தவறிய நாட்களுக்கும் சேர்த்து எழுதி ஈடுசெய்ய முயலாதீர்கள். அந்தக் கடன் கணக்குதான் பலரை ஒரேயடியாக நிறுத்திவிடுகிறது. அன்றைய தேதியைப் போட்டு, அன்று கண்டதை எழுதுங்கள்.

உடல்நலமின்மையாலோ துயரத்தாலோ எழுத முடியாமல் போவது வேறு. அப்போது நோட்டை மூடி வைப்பதில் எந்தப் பிழையும் இல்லை.

குறிப்பிலிருந்து கதைக்கு

நோட்டு நிறைந்த பிறகு, ஒரு வாரம் அதைத் தொடாமல் வைத்திருந்து, பிறகு பென்சிலோடு முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். அழகான வரிகளைத் தேட வேண்டாம். படிக்கும்போது அந்த இடமும் ஆளும் மீண்டும் கண்முன் வரும் குறிப்புகளுக்கு மட்டும் ஓரத்தில் கோடிடுங்கள். நூறு பக்கத்தில் ஐந்தாறு தேறினால் அது நல்ல விளைச்சல். அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அதில் ஒருவர் எதை வேண்டுகிறார், எது அவரைத் தடுக்கிறது என்ற இரு கேள்விகளுக்கு விடை எழுதினால், கதையின் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

இந்தக் கட்டத்தில் ஒரு கடமையும் உண்டு. குறிப்பு நோட்டில் உண்மைப் பெயர்கள் இருக்கலாம். கதையில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊரையும் தொழிலையும் குடும்ப அமைப்பையும் சேர்த்து மாற்றுங்கள். நம்பிச் சொல்லப்பட்ட ஒரு வேதனையை, சொன்னவர் தம்மை அடையாளம் கண்டுகொள்ளும்படி அச்சிடுவது சரியல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை. மாற்றங்களால் கதை கெட்டுப்போகும் என்று அஞ்சுகிறவர்கள் ஒருமுறை மாற்றிப் பார்க்கட்டும். பெரும்பாலும் அந்த மாற்றத்தில்தான் குறிப்பு கதையாகத் திரும்பும்.

எழுதியதை வாங்கிப் படிக்க ஒருவர் காத்திருந்தால் பழக்கம் நிலைக்கும். உ.வே. சாமிநாதையர் எண்பத்தைந்து வயதை நெருங்கும்போது தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கினார். 1940 தொடங்கி, 1942இல் அவர் மறையும் காலம் வரை 122 அத்தியாயங்கள் சேர்ந்தன. இதழின் கெடு எல்லோருக்கும் வாய்க்காது; ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பக்கத்தைப் படித்துக்காட்ட ஒரு நண்பரையோ அக்காவையோ நூலகத்தில் அறிமுகமானவரையோ ஏற்பாடு செய்துகொள்ள முடியும். இடைசெவலின் கி. ராஜநாராயணனும் அதே ஊரில் பிறந்த கு. அழகிரிசாமியும் கடிதங்களால் இப்படிப்பட்ட உறவைக் காத்தார்கள். படித்துக்காட்டிய பிறகு, நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். பழகியவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எந்த இடத்தில் கவனம் விலகியது, எந்த ஆளை நேரில் பார்த்தது போல இருந்தது என்ற இரண்டை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று முறை திருத்திய கதையை இதழுக்கு அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் அந்த இதழின் சில மலர்களையாவது படித்து, எத்தகைய கதைகளை எவ்வளவு நீளத்தில் வெளியிடுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு படியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். விடை வர மாதங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். அனுப்பிய அன்றே, கோடிட்ட குறிப்புகளில் அடுத்ததை எடுத்து, அதன்மேல் ஒரு பத்தைத் தொடங்கிவிடுங்கள்.